பாட்டுக் கேட்கிறது, கோப்புத் தெரியவில்லை: பழைய கணினிகளில் சீடி-றொம் டிரைவ்

தம்பி, உங்கள் கேள்வி நீளமானது. வாசிக்கும் மற்றவர்களும் தொடர்ந்து வருவதற்காக முதலில் அதைச் சுருக்கித் தருகிறேன். படுவான்கரையில் கூத்து அண்ணாவியாராக இருந்து காலமான உங்கள் பெரியப்பா, கல்லடி வீட்டில் ஒரு 486 கணினியையும் ஒரு பிஸ்கட் தகரம் நிறைய இறுவட்டுகளையும் விட்டுச் சென்றிருக்கிறார். கணினி டொஸ் 6.22 என்ற பழைய பணிசெயல் முறைமையில் ஒழுங்காகத் தொடங்குகிறது. ஆனால் இறுவட்டு டிரைவுக்குரிய எழுத்தான டி: என்பதைத் தட்டினால் அப்படியொரு டிரைவ் இல்லை என்கிறது. அதே டிரைவில் பாட்டு இறுவட்டைப் போட்டு, முன்பக்கத் துளையில் ஹெட்ஃபோனைச் செருகிப் பொத்தானை அழுத்தினால் பாட்டுத் தெளிவாகக் கேட்கிறது. டிரைவைக் கழற்றி வேறொரு கணினியின் வன்தட்டுக் கேபிளில் மாட்டியபோது அந்தக் கணினி அதைக் கண்டுகொள்ளவே இல்லை. நண்பரின் விண்டோஸ் 98 கணினியை டொஸில் தொடங்கிப் பார்த்தால் கோப்புகளின் பெயர்கள் வெட்டுப்பட்டுத் தெரிகின்றன. ஒரு வட்டில் பழைய கோப்புகள் மட்டும் இருக்கின்றன, பின்னர் சேர்த்தவற்றைக் காணவில்லை. "தென்மோடி – வரவுத் தருக்கள்" (கூத்தில் பாத்திரங்கள் அரங்குக்கு வரும்போது பாடும் பாட்டுகள்) என்று பெரியப்பா தம் கையால் எழுதிய வட்டோ சீடிஆர்-103 என்ற பிழையைத் தந்ததால், கெட்டுப்போனதென்று அதைத் தனியே ஒதுக்கிவைத்துவிட்டீர்கள். டிரைவ் பழுதா, வட்டுகள் பழுதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டும் பழுதில்லை என்றே கருதுகிறேன். நீங்கள் சொன்ன குழப்பங்கள் எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றுதான்: சீடி-றொம் டிரைவ் என்ற கருவிக்குக் கோப்பு என்றால் என்னவென்றே தெரியாது. வட்டின் மேலுள்ள இலக்கமிட்ட சிறு துண்டுகளை மட்டுமே அது அறியும். "5,000ஆம் துண்டைத் தா" என்றால் தரும்; "இந்தப் பெயருள்ள கோப்பைத் தா" என்றால் அதற்கு விளங்காது. கோப்பு, கோப்புறை, பெயர், திகதி எல்லாம் அந்தத் துண்டுகளின் மேல் மனிதர் செய்துகொண்ட ஓர் உடன்பாடு. ஆகவே துண்டுகளைக் கேட்டு வாங்க ஒரு மென்பொருளும், வாங்கிய துண்டுகளைக் கோப்புகளாக வாசித்துச் சொல்ல இன்னொரு மென்பொருளும் கணினிக்குத் தேவை. முதலாவது சாதன இயக்கி, இரண்டாவது கோப்பு முறைமை மென்பொருள். இன்றைய கணினியில் இவை இரண்டும் பணிசெயல் முறைமைக்குள்ளேயே கரைந்து கிடப்பதால் அவை இருப்பதே நம் கண்ணுக்குப் படுவதில்லை. பெரியப்பாவின் கணினியில் அவை வெவ்வேறு இடத்திலிருந்து வந்து, வெவ்வேறு வரியில் எழுதப்பட்டு, ஒன்றையொன்று பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டியிருந்தது.

அந்தத் துண்டுகளை முதலில் அருகில் வைத்துப் பார்ப்போம். இறுவட்டு 120 மில்லிமீற்றர் விட்டமும் 1.2 மில்லிமீற்றர் தடிப்பும் கொண்டது. அதன் தரவு உள் விளிம்பில் தொடங்கி வெளியே விரியும் ஒற்றைச் சுருள் வரியில் இருக்கிறது. அடுத்தடுத்த இரு சுற்றுகளுக்கிடையே 1.6 மைக்ரோமீற்றர் இடைவெளிதான். 1982இல் இது பாட்டுக்காகவே விற்பனைக்கு வந்தது. ஒரு செக்கனுக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிற், இடம் வலம் என இரண்டு தடங்கள். கூட்டினால் செக்கனுக்கு 176,400 பைற் ஆகிறது. அதை 75 துண்டுகளாக நறுக்கினார்கள், ஒரு துண்டுக்கு 2,352 பைற். இந்தத் துண்டைத்தான் செக்டர் என்கிறோம்.

பின்னர் அதே வட்டில் கணினித் தரவை எழுத நினைத்தபோது ஒரு சிக்கல் எழுந்தது. பாட்டில் ஒரு மாதிரி தொலைந்தால், முன்னும் பின்னும் உள்ளவற்றைப் பார்த்து நடுவே ஒரு மதிப்பை இட்டு நிரப்பிவிடலாம், காது அதை அறியாது. கூத்துப் பிரதியில் ஒரு விருத்தத்தின் ஓர் எழுத்துத் தொலைந்தால் பக்கத்து எழுத்துகளைப் பார்த்து அதை ஊகித்து எழுத எந்தக் கருவிக்கும் உரிமை இல்லை. ஆகவே தரவு செக்டரில் 2,352 பைற்றையும் தரவுக்குக் கொடுக்காமல் 2,048ஐ மட்டும் கொடுத்தார்கள். மீதியில் 12 பைற் செக்டரின் தொடக்கத்தைக் காட்டவும், 4 பைற் முகவரிக்கும் போக, எஞ்சிய 288இல் 276 பைற் பிழைதிருத்தத்துக்கே ஒதுக்கப்பட்டது. பாட்டு வட்டில் ஏற்கெனவே இருந்த திருத்தத்துக்கு மேலாக இது இன்னொரு காவல். செக்கனுக்கு 75 செக்டர், செக்டருக்கு 2,048 பைற் என்றால் 150 கிலோபைற். "ஒற்றை வேகம்" என்று டிரைவின் பெட்டியில் எழுதியிருந்தது இதைத்தான். 74 நிமிட வட்டில் 333,000 செக்டர்கள், ஏறத்தாழ 650 மெகாபைற், அதாவது 1.44 மெகாபைற் பிளொப்பி 450 அளவுக்குச் சமம். 40 மெகாபைற் வன்தட்டையே பெரிதென்று எண்ணிய காலத்தில் இது எத்தகைய வியப்பைத் தந்திருக்கும் என்பதை நீங்கள் ஊகிக்கலாம்.

இப்போது உங்கள் ஹெட்ஃபோனுக்கு வருவோம். பாட்டு வட்டு போட்டால் அதை இசையாக மாற்றும் வேலை முழுவதையும் டிரைவே தனக்குள் செய்து முடிக்கிறது; கணினி அதில் தலையிடுவதில்லை. மின்சாரம் மட்டும் கொடுத்துவிட்டுத் தரவுக் கேபிளையே கழற்றி வைத்தாலும் பாட்டுக் கேட்கும். ஆகவே நீங்கள் செய்தது, தெரிந்தோ தெரியாமலோ, மிக நல்ல சோதனை. லேசர் எரிகிறது, வில்லை குவிகிறது, மோட்டார் சரியான வேகத்தில் சுழல்கிறது, தலை நகர்கிறது என்ற நான்கையும் அது ஒரே அடியாகக் காட்டிவிட்டது. பிசகு அதற்கு மேலே உள்ள படிகளில்தான் இருக்க வேண்டும்.

முதற்படி கேபிள். டிரைவை வேறு கணினியின் வன்தட்டுக் கேபிளில் மாட்டினீர்கள். அது பொருந்தியது, ஆனால் வேலை செய்யவில்லை. 1990களின் முற்பகுதியில் வீட்டுக் கணினிக்கு வந்த டிரைவுகளில் பெரும்பாலானவை வன்தட்டுக்குரிய இணைப்பில் பேசவில்லை. பனசொனிக், மிற்சுமி, சொனி ஆகிய மூன்றும் தத்தமக்கென்று ஒவ்வோர் இணைப்பு முறையை வைத்திருந்தன. அந்த இணைப்பு பெரும்பாலும் சவுண்ட் கார்ட்டின் மேலேயே இருக்கும். இதில் பனசொனிக் இணைப்பு 40 ஊசிகள் கொண்டது. வன்தட்டு இணைப்பும் 40 ஊசிகள்தான். கண்ணுக்கும் கைக்கும் இரண்டும் ஒன்றே. உள்ளே ஓடும் குறிகள் முற்றிலும் வேறு.

இதை நான் 1996இல் மட்டக்களப்பு நகரிலிருந்த ஒரு பயிற்சி நிலையத்தில் அறிந்துகொண்டேன். மின்சாரம் வந்து வந்து போகும் நாட்கள் அவை. கொழும்பிலிருந்து வந்த டிரைவ் ஒன்றை மூன்று இரவுகள் வன்தட்டுக் கேபிளில் மாட்டிப் பார்த்துவிட்டு, பழுதென்று திருப்பி அனுப்பப் பெட்டியில் வைத்துக் கட்டியும் விட்டோம். கட்டும்போதுதான், அதே கணினியின் சவுண்ட் கார்ட்டில் ஊசிகள் நிறைந்த இணைப்பு ஒன்று வெறுமையாக இருப்பதைக் கண்டேன். கேபிளை அங்கே மாற்றி, அந்தக் கார்ட்டோடு வந்த பிளொப்பியிலிருந்த சாதன இயக்கியை ஏற்றியதும் டிரைவின் சிறு விளக்கு மின்னியது. உங்கள் பெரியப்பாவின் கணினியிலும் டிரைவ் முதலில் எந்த இடத்தில் மாட்டப்பட்டிருந்தது என்பதை நினைவுகூர்ந்து, அங்கேயே திருப்பி மாட்டுங்கள். கேபிளின் ஓரத்தில் ஓடும் சிவப்புக் கோடு முதலாம் ஊசியின் பக்கம் இருக்க வேண்டும். 1990களின் நடுவில் அட்டாப்பி என்ற முறை வந்த பின்னரே சீடி-றொம் டிரைவுகள் வன்தட்டுக் கேபிளிலேயே மாட்டப்படத் தொடங்கின. நண்பரின் கணினி அந்தத் தலைமுறையைச் சேர்ந்தது.

அடுத்தது டொஸ். இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் டி: என்ற எழுத்து ஏன் கிடைக்கவில்லை என்பதற்கான விடை இதில் இருக்கிறது. கணினி தொடங்கும்போது டொஸ் வாசிக்கும் கொன்ஃபிக்.சிஸ் என்ற கோப்பில் சாதன இயக்கியை ஏற்றும் ஒரு வரி இருக்க வேண்டும். அந்த வரியின் இறுதியில் /டி: என்று போட்டு ஒரு பெயர் கொடுக்கப்பட்டிருக்கும், வழக்கமாக எம்எஸ்சிடி001 என்று. பின்னர் ஓட்டோஎக்ஸெக்.பெட் என்ற கோப்பில் எம்எஸ்சிடெக்ஸ் என்ற மென்பொருளை ஏற்றும் வரி இருக்க வேண்டும். அதிலும் /டி: போட்டு அதே பெயர், எழுத்துப் பிசகாமல், இருக்க வேண்டும். முதல் வரி துண்டுகளைக் கொண்டுவரும் ஆளைக் கூலிக்கு அமர்த்துகிறது. இரண்டாம் வரி கோப்பாக வாசித்துச் சொல்லும் ஆளை அமர்த்தி, "உனக்குத் துண்டு கொண்டுவந்து தருபவரின் பெயர் இது" என்று சொல்லிவைக்கிறது. பெயர் மாறிவிட்டால் இருவரும் சந்திப்பதே இல்லை.

எம்எஸ்சிடெக்ஸ் செய்த வேலையின் நுட்பத்தை இன்று பலர் அறியார். 1980களின் நடுவில் டொஸ் ஒரே ஒரு கோப்பு முறைமையைத்தான் அறிந்திருந்தது. அதிலும் ஒரு டிரைவ் 32 மெகாபைற்றைத் தாண்ட முடியாது. 650 மெகாபைற் வட்டை, அதுவும் முற்றிலும் வேறு அமைப்புடைய வட்டை, அதன் முன் வைத்தால் டொஸ் திகைத்து நின்றுவிடும். ஆனால் டொஸ் 3.1இலிருந்து வேறொரு வாசல் திறந்திருந்தது. வலையமைப்பில் வேறொரு கணினியில் இருக்கும் கோப்புகளைக் கேட்டால், டொஸ் தான் தேடாமல் அந்தக் கேள்வியை அப்படியே வலையமைப்பு மென்பொருளிடம் ஒப்படைத்துவிடும். எம்எஸ்சிடெக்ஸ் அந்த வாசலில் போய் நின்றுகொண்டு, தன்னை வலையமைப்பு மென்பொருள் போலவே காட்டி, கேள்விகளை வாங்கி, வட்டிலிருந்து பதில் சொன்னது. இதை நீங்களே பார்க்கலாம்: டி: டிரைவ் கிடைத்ததும் அதன் மேல் செக்டிஸ்க் கட்டளையைக் கொடுங்கள். வீட்டில் வலையமைப்பு என்ற ஒன்றே இல்லாத கணினி, "வலையமைப்பு டிரைவைச் சோதிக்க முடியாது" என்ற பொருளில் ஆங்கிலத்தில் விடை சொல்லும்.

உங்கள் கணினியில் இந்த இரு வரிகளில் ஒன்று அழிந்திருக்க வேண்டும், அல்லது கேபிளைக் கழற்றியதால் சாதன இயக்கி டிரைவைக் காணாமல் தானே விலகியிருக்க வேண்டும். கணினி தொடங்கும்போது வரும் செய்திகளை அவசரப்படாமல் வாசியுங்கள். சாதன இயக்கியைக் காணவில்லை என்று எம்எஸ்சிடெக்ஸ் சொன்னால் குற்றம் முதல் வரியில் அல்லது கேபிளில். டிரைவுக்குரிய எழுத்துகள் போதவில்லை என்று சொன்னால், கொன்ஃபிக்.சிஸில் லாஸ்ட்டிரைவ் என்ற வரியைச் சேர்த்து அதற்கு இசட் என்ற எழுத்தைக் கொடுங்கள். டி: கிடைத்த பின்னர் சீடிஆர்-101 என்று வந்தால், டிரைவால் வட்டை வாசிக்கவோ தயார்நிலைக்கு வரவோ முடியவில்லை, தூசி, கீறல், வில்லை என்ற பக்கமாகத் தேட வேண்டும். சீடிஆர்-103 வந்தால் பொருள் வேறு: வட்டு கிடைத்தது, ஆனால் இருக்க வேண்டிய இடத்தில் கோப்பு உடன்பாட்டின் அடையாளம் இல்லை. இதைப் பற்றி இறுதியில் மறுபடியும் சொல்கிறேன். இன்னொன்று, ஸ்மார்ட்டிரைவ் என்ற வேகமூட்டி அந்தக் கணினியில் இருந்தால், அதை எம்எஸ்சிடெக்ஸுக்குப் பின்னரே ஏற்றுங்கள். முன்னர் ஏற்றினால் இறுவட்டுக்கு அது உதவாது. பழைய டிரைவின் தலை வட்டின் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர அரைச் செக்கன்வரை எடுத்த காலத்தில் இந்த வேகமூட்டி பெரிய வரமாக இருந்தது.

அந்த உடன்பாடு என்ன என்று பார்ப்போம். தொடக்கத்தில் ஒவ்வொரு வெளியீட்டாளரும் தம் வட்டுக்குத் தாமே ஓர் அமைப்பை உருவாக்கி, அதை வாசிக்கும் மென்பொருளையும் கூடவே கொடுத்தார்கள். 1985 நவம்பரில் அப்பிள், மைக்ரோசொஃப்ட், பிலிப்ஸ், சொனி, ஹிட்டாச்சி உள்ளிட்ட நிறுவனங்களின் ஆட்கள் அமெரிக்காவின் டாஹோ ஏரிக்கு அருகே ஹை சியரா என்ற ஹோட்டலில் கூடிப் பொது அமைப்பொன்றைப் பேசினார்கள். அது ஹோட்டலின் பெயராலேயே ஹை சியரா அமைப்பு எனப்பட்டது. சிறு மாற்றங்களோடு 1988இல் ஐஎஸ்ஓ 9660 என்ற சர்வதேச நியமமாயிற்று.

நான் வாசித்த நியமங்களுள் மிகப் பரந்த மனத்தோடு எழுதப்பட்டது இது என்பது என் எண்ணம். காரணத்தை வட்டிலேயே காட்டலாம். முதல் 16 செக்டர்களை நியமம் தொடுவதே இல்லை. எந்தக் கணினியும் தன் சொந்தத் தேவைக்குப் பயன்படுத்தலாம் என்று அவற்றை விட்டுவைத்திருக்கிறது. பூச்சியத்திலிருந்து எண்ணினால் 16ஆம் செக்டரில், அதாவது 32,768ஆம் பைற்றில், வட்டின் தலைப்பு தொடங்குகிறது. அதன் முதற் பைற்றை அடுத்து சிடி001 என்ற ஐந்து குறிகள். அந்தச் செக்டருக்குள் 128ஆம் இடத்திலிருந்து நான்கு பைற்றுகளைப் பதினறும எண்முறையில் பார்த்தால் 00 08 08 00 என்று இருக்கும். அது 2,048 என்ற ஒரே எண். இரண்டு தரம் எழுதப்பட்டிருக்கிறது. இன்டெல் சில்லு எண்ணின் சிறு பகுதியை முதலில் வைக்கும். அப்பிள், அமிகா, அட்டாரி ஆகிய கணினிகளில் இருந்த மோட்டோரோலா 68000 சில்லு பெரும் பகுதியை முதலில் வைக்கும். எவருக்குச் சாதகமாக எழுதுவது என்று சண்டை பிடிக்காமல், கோப்பின் இருப்பிடம், நீளம் போன்ற எண்களை இரு விதமாகவும் எழுதிவிட்டார்கள். அவரவர் தமக்குரிய பாதியை வாசித்துக்கொள்ளலாம். கோப்புறைகளின் பட்டியல் ஒன்றையும் இப்படி இரு பிரதிகளாகத் தனியே வைத்தார்கள். தலை மெதுவாக நகரும் டிரைவில், கோப்புறைக்குள் கோப்புறையாக இறங்கித் தேடாமல் வேண்டிய இடத்துக்கு ஒரே தாவலில் போவதற்காக.

இந்தப் பரந்த மனத்துக்கு விலையும் இருந்தது. எல்லாரும் வாசிக்க வேண்டுமென்றால், இருப்பவற்றுள் மிக எளிய கணினியும் ஏற்கக்கூடிய பெயர்களையே வைக்க வேண்டும். முதல் நிலையில் பெயருக்கு 8 எழுத்து, புள்ளிக்குப் பின் 3 எழுத்து. அவையும் ஆங்கிலப் பெரிய எழுத்து, இலக்கம், அடிக்கோடு மட்டுமே. கோப்புறைக்குள் கோப்புறையாக 8 படிக்கு மேல் இறங்கக்கூடாது.

மற்ற வீட்டுக் கணினிகளும் இதே இரு படிகளைத் தத்தம் வழியில் கட்டின. அட்டாரி எஸ்டியில் மெட்டாடொஸ் என்ற மென்பொருளுக்கு இரண்டு வகை இயக்கிகளைத் தனித்தனியே கொடுக்க வேண்டும், ஒன்று கருவிக்கு, மற்றது கோப்பு அமைப்புக்கு. ஐபிஎம் வகைக் கணினியின் இரு வரிகளுக்கு இது நேர் இணை. அமிகாவில் டிரைவின் பெயரில் ஒரு சிறு கோப்பு எழுதி, அதற்குள் எந்தச் சாதனம், எத்தனையாம் இலக்கம், எந்தக் கோப்பு முறைமை என்று குறிக்க வேண்டும். அசிம்சிடிஎஃப்எஸ், அமிசிடிஎஃப்எஸ், கேஷ்சிடிஎஃப்எஸ் என்று பல மென்பொருள்கள் அந்த இடத்துக்குப் போட்டியிட்டன. அப்பிளின் டூஜிஎஸ் கணினியில்கூட ஹை சியரா வட்டை வாசிக்கும் பகுதியொன்று இருந்தது. உங்களுக்கு இது நேரடியாகத் தேவைப்படாது. ஆனால் வெளிநாட்டு உறவினர் எவரேனும் அப்படியொரு கணினியை வைத்திருந்தால், ஒரே வட்டை அதிலும் திறக்கலாம் என்பது தெரிந்திருக்கட்டும்.

வெட்டுப்பட்ட பெயர்களுக்கு வருகிறேன். பெரியப்பா வட்டுகளை எழுதியது விண்டோஸ் கணினியில் என்றால், அவற்றில் ஜொலியட் என்ற சேர்க்கை இருக்கும். விண்டோஸ் 95 வந்த காலத்தில் மைக்ரோசொஃப்ட் வகுத்தது இது. இதில் 64 எழுத்துவரை நீளமான பெயர்கள் வைக்கலாம். எழுத்துகள் யுனிகோட்டில் இருக்கும். அப்படி எழுதிய வட்டில் இரண்டு பெயர்ப் பட்டியல்கள் இருக்கின்றன: ஒன்று பழைய நியமத்தின்படி குறுகிய பெயர்களோடு, மற்றது நீண்ட பெயர்களோடு. இரண்டும் சுட்டுவது ஒரே செக்டர்களை. டொஸ் முதற் பட்டியலை மட்டுமே அறியும், இன்றைய மடிக்கணினி இரண்டாவதைத் தெரிவு செய்கிறது. ஆகவே வெட்டுப்பட்ட பெயரில் இருப்பதும் முழுப் பெயரில் இருப்பதும் ஒரே கோப்புத்தான்; எதுவும் தொலைந்துபோகவில்லை.

பெயர் சரியாகத் தெரிந்த பின்னரும் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் சாய்கோடும் கலந்த குவியலாகத் தெரிந்தால் அதையும் பழுதென்று எண்ணிவிடாதீர்கள். அக்காலத்தில் நம் பகுதியில் தட்டச்சு செய்தவர்களிற் பெரும்பாலோர் பாமினி எழுத்துருவையே பயன்படுத்தினார்கள். கோப்புக்குள் இருப்பது ஆங்கில விசைகளின் குறிகள். எழுத்துருதான் அவற்றைத் தமிழாகக் காட்டியது. பாமினியை நிறுவினால் தருவும் விருத்தமும் அப்படியே கண்முன் வரும். பின்னர் மாற்றியொன்றின் வழியாக யுனிகோட்டுக்குக் கொண்டுவரலாம்.

பழைய கோப்புகள் மட்டும் தெரிந்த வட்டு, பல அமர்வுகளில் எழுதப்பட்டது. ஒருதரம் எழுதி முடித்துவிட்டு, எஞ்சிய இடத்தில் வேறொரு நாள் மீண்டும் எழுதினால், புதிய அமர்வு தனக்கென்று ஒரு தொடக்கத்தையும் ஒரு தலைப்பையும் கொண்டுவருகிறது. முதல் அமர்வை மூட ஏறத்தாழ 22 மெகாபைற்றும் அடுத்தவை ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 13 மெகாபைற்றும் இதற்கே செலவாகும். புதிய தலைப்பின் பட்டியலில் பழைய கோப்புகளும் சேர்க்கப்பட்டிருக்கும். டிரைவோ சாதன இயக்கியோ பழையதானால் முதல் அமர்வின் தலைப்போடு நின்றுவிடும். மடிக்கணினி கடைசி அமர்வைப் பார்க்கும். அதில் திறந்தால் சேர்த்தவையும் வரும். எழுதியவர் பழைய அமர்வை இணைக்காமல் விட்டிருந்தால் மட்டும் நிலைமை தலைகீழாகும்: புதியவை தெரியும், பழையவை மறையும். அப்போதும் அவை வட்டிலேயே இருக்கின்றன. அமர்வுகளைத் தனித்தனியே திறக்கும் மென்பொருள் தேவைப்படும்.

பிரதி எடுப்பதைப் பற்றி என் அறிவுரை உறுதியானது. கோப்பு கோப்பாக இழுத்துப் போட்டுப் பிரதி எடுக்காதீர்கள். வட்டு முழுவதையும் செக்டர் செக்டராக ஒரே கோப்பாக எடுங்கள். ஒரு கோப்பின் நடுவே வாசிக்க முடியாத இடம் வந்தால், கோப்பாகப் பிரதி எடுக்கும்போது அந்தக் கோப்பே கைவிடப்படும். செக்டராக எடுக்கும்போது அந்த 2,048 பைற் மட்டும் வெறுமையாகி மீதி கிடைக்கும். லினக்ஸில் டீடீரெஸ்கியூ என்ற கட்டளை இதற்கென்றே செய்யப்பட்டது. செக்டர் அளவை 2,048 என்று கொடுத்தால், முதலில் எளிதாக வருபவற்றை எல்லாம் எடுத்துவிட்டு, வராதவற்றை ஒரு கோப்பில் குறித்துவைத்து, மறுபடியும் போய் முயலும். அதே வட்டை வேறொரு டிரைவில் போட்டு, அதே குறிப்புக் கோப்பைக் கொடுத்தால், விட்ட இடங்களை மட்டும் மறுபடி தேடும். ஒரு டிரைவ் வாசிக்காததை இன்னொன்று வாசித்துத் தருவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பல அமர்வு வட்டுகளுக்கு மட்டும், அமர்வுகளுக்கிடையே உள்ள இடைவெளியில் வாசிப்புத் தடுமாறும் என்பதால், முதலில் கோப்புகளாகவும் ஒரு பிரதி எடுத்துவிடுங்கள். பழைய டிரைவ் ஒரு வட்டை முற்றாக மறுத்து, மடிக்கணினி ஏற்றுக்கொண்டால், அது மீண்டும் மீண்டும் எழுதும் வகை வட்டாக இருக்கக்கூடும். அவ்வகை வட்டு ஒளியைக் குறைவாகவே திருப்பி அனுப்பும், பழைய டிரைவின் கண்ணுக்கு அது போதாது.

பெட்டியைத் திறக்கும்போது முதலில் தாய்ப்பலகையைப் பாருங்கள். அக்காலப் பலகைகள் பலவற்றில் நேரத்தைக் காக்கும் பீப்பாய் வடிவப் பற்றரி ஒன்று ஒட்டவைக்கப்பட்டிருக்கும். அது பச்சை பூத்துக் கசிந்து, பலகையின் செப்புக் கோடுகளைத் தின்றுவிடும். கடற்காற்றும் வாவிக் காற்றும் சேர்ந்து வீசும் கல்லடியில் இன்னும் விரைவாக. கசிவு கண்டால் அதை வெட்டி எடுத்துவிட்டுத்தான் மற்ற வேலை. வட்டைத் துடைக்கும்போது மென்மையான பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள். சுற்றித் துடைத்தால், ஏற்படும் கீறல் தரவு ஓடும் திசையிலேயே நீண்டு, அடுத்தடுத்த பைற்றுகளை ஒன்றாக அழிக்கும். பிழைதிருத்தம் குறுக்குக் கீறலைத் தாங்குமளவு நெடுக்குக் கீறலைத் தாங்காது. எழுத்து உள்ள மேற்பக்கத்தை அடிப்பக்கத்தைவிடக் கவனமாகக் கையாளுங்கள், தரவுப் படலம் அந்த மேற்பரப்புக்கு மிக அருகில், மெல்லிய அரக்குப் பூச்சுக்குக் கீழேயே இருக்கிறது. மாரி காலத்துக்கு முன் பிஸ்கட் தகரத்திலிருந்து எடுத்து, தனித்தனி உறைகளில், நிமிர்த்தி வையுங்கள்.

இனி, நீங்கள் ஒதுக்கிவைத்த வட்டு. சீடிஆர்-103 என்பது ஐஎஸ்ஓ 9660 அடையாளமோ ஹை சியரா அடையாளமோ இல்லை என்ற செய்தி. தலைப்புச் செக்டரில் கீறல் இருந்தாலும் இது வரலாம். ஆனால் வட்டில் தொடக்கத்திலிருந்தே கோப்பு என்று ஒன்றும் இல்லாவிட்டாலும் இதே செய்திதான் வரும். பாட்டு வட்டில் கோப்பும் இல்லை, கோப்புறையும் இல்லை, 16ஆம் செக்டரில் தலைப்பும் இல்லை, ஒலி மட்டுமே இருக்கிறது. "வரவுத் தருக்கள்" என்று எழுதிய வட்டைப் பெரியப்பா ஓர் ஒலி வட்டாகவே எழுதுவித்திருப்பார் என்று நினைக்கிறேன். அப்படியானால் டீடீரெஸ்கியூ அதற்கு உதவாது. ஒலிச் செக்டர்களில் தரவுச் செக்டருக்குரிய முகவரித் தலைப்பு இல்லாததால், சீடிபரனோயா போன்ற, ஒரே இடத்தை மீண்டும் மீண்டும் வாசித்து ஒப்புநோக்கிப் பொருத்தும் மென்பொருளால் எடுக்க வேண்டும். அதற்கு முன் கேபிளும் வேண்டாம், டொஸும் வேண்டாம். பழைய டிரைவுக்கு மின்சாரத்தை மட்டும் கொடுத்து, வட்டை வைத்து, ஹெட்ஃபோனைச் செருகி, முன்பக்கப் பொத்தானை அழுத்திப் பாருங்கள்.